லயத்து வீட்டில் ஒரு தையல் மிசின்

புறநானூற்றில் சாத்தந்தையார் பாடிய பாட்டொன்று உண்டு. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது; வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி கண்டிருக்கிறது; மழை பெய்கிறது; பொழுதும் சாய்கிறது. கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவன், எடுத்த வேலையை முடித்துவிட்டு வீடு திரும்ப வேண்டுமே என்று கையிலுள்ள ஊசியை விரைந்து செலுத்துகிறான். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்கு அந்த ஊசியின் விரைவையே புலவர் உவமையாக்கினார். சிலப்பதிகாரமோ புகார் நகரத்துத் தொழிலாளரை எண்ணுமிடத்துத் துணி தைப்போரைத் ‘துன்னகாரர்’ என்று குறிக்கிறது. ஆகவே ஊசியும் நூலும் தமிழர்க்குப் புதியன அல்ல.

ஊசிக்குச் சக்கரம் பூட்டிய பொறிதான் புதிது. அதனைத் தையற்பொறி என்று நூலோர் எழுதினாலும், மலேசியத் தோட்டத்து மக்கள் ‘தையல் மிசின்’ என்றே அழைத்தனர். இன்றும் அவ்வாறே அழைக்கின்றனர். கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் வட சிலாங்கூரின் பிற தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றில் இம்மிசினுக்குத் தனியிடம் உண்டு. குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். பால் கொடுத்த மரமும், அதனடியில் தொங்கிய மங்கும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். இந்த நிலையில், குடும்பம் தன் கூலியைக் கொண்டு வாங்கி, ‘இஃது எங்களுடையது’ என்று சொல்லிக்கொண்ட பொருள்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் தலையாயது தையல் மிசின்.

தோட்ட வரலாற்றை எழுதுவோர் ரப்பர் விலையையும் ஆட்கட்டு முறையையும் கூலிப் போராட்டங்களையும் விரிவாகப் பேசுவர். அவை பேச வேண்டியவையே. ஆயினும், வாசல் வெளிச்சத்தில் ஒரு பெண் அமர்ந்து மிதித்த இப்பொறியும் அந்த வரலாற்றுக்குச் சான்று கூறவல்லது.

பொறி பிறந்த கதை

தையற்பொறி ஒருவரால் ஒரே நாளில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பிரான்சு நாட்டுத் தையற்காரர் திமோனியே 1830இல் ஒரு பொறிக்கு உரிமை பெற்றார். பாரிசில் ஏறத்தாழ 80 பொறிகளை நிறுவிப் படைவீரர் சீருடை தைக்கலானார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் திரண்டு வந்து அவற்றை உடைத்தெறிந்தனர். அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர் 1830களில், மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையலைச் செய்து காட்டினார். ஆனால் உரிமைப் பதிவை நாடவில்லை. 1846இல் எலியாஸ் ஹோவ் அத்தகைய பொறிக்கு உரிமை பெற்றார். 1851இல் ஐசக் மெரிட் சிங்கர், வீட்டிலும் கடையிலும் நாள்தோறும் புழங்கத்தக்க உறுதியான பொறியை உருவாக்கினார்.

இதன் நுட்பம் ஊசியின் துளையில் இருக்கிறது. கைத்தையல் ஊசிக்குக் காது பின்புறம் உண்டு. பொறியின் ஊசிக்குக் காது முனையருகே உண்டு. ஊசி துணியைத் துளைத்து இறங்கி மேலெழும்போது, நூல் கீழே ஒரு சிறு வளையமாக விரிகிறது. கீழேயுள்ள பாபின் நூல் அவ்வளையத்துள் புகுந்துகொள்கிறது. இரு நூல்களும் துணியின் நடுவே பூட்டுகின்றன. அடியிலுள்ள பல் துணியை ஒரு தையல் அளவு நகர்த்துகிறது. 170 ஆண்டுகள் கடந்தும் வீட்டுத் தையற்பொறிகள் இந்த முறையிலேயே இயங்குகின்றன.

இயந்திரங்களின் பெருக்கத்தைக் கடிந்து பேசிய காந்தியடிகள்கூட இப்பொறிக்கு விலக்களித்தார். 1924இல் சாந்திநிகேதன் மாணவரான ஜி. இராமச்சந்திரன் அவரைக் கண்டு உரையாடினார், பிற்காலத்தில் டி. எஸ். சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் இவரே. எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, சிங்கர் தையற்பொறி பயனுள்ள கண்டுபிடிப்புகளுள் ஒன்று என்றும், மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்டு அன்பினால் சிங்கர் அதனைச் செய்தார் என்றும் காந்தியடிகள் கூறினார். அப்பொறியைச் செய்யவும் தொழிற்சாலை வேண்டுமே என்ற கேள்விக்கு, அத்தகைய ஆலைகள் அரசின் உடைமையாகவோ ஆட்சியிலோ இருக்க வேண்டும் என்று விடையிறுத்தார்.

அன்பினால் பிறந்த பொறி என்னும் கதை அழகியது. ஆனால் சிங்கரின் வாழ்க்கையோடு அது பொருந்தாது. அவர் ஒரே காலத்தில் பல குடும்பங்களை நடத்திப் பழிக்கு ஆளானவர். வறுமையில் மனைவி தைத்துக் குடும்பம் காத்ததைக் கண்டவர் ஹோவ் என்றே சொல்வர். எனினும், பெண்ணின் கைவலி குறைய வேண்டும் என்று காந்தியடிகள் எண்ணியது சரியான எண்ணமே. அந்த வலி தோட்டத்திலும் இருந்தது.

தோட்டத்துப் பெண்ணின் கணக்கு

கோலசிலாங்கூர் வட்டாரம் மலேசியத் தோட்டத் தொழில் வரலாற்றில் பெயர் பெற்ற மண். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ளது தென்னமரம் தோட்டம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை 1917இல் ஹென்றி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் நட்டது அங்கேதான். தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயர்! ஆயினும், அக்காலத்தில் சுற்றுவட்டாரத் தமிழர் பெரும்பாலோருக்குச் சோறு போட்டது ரப்பர் மரமே.

1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் இந்தியத் தொழிலாளரின் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வரையறுக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, 1930இல் அஃது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. மாதம் 25 நாள் பெரட்டில் நின்று வேலை செய்த ஒரு பெண்ணுக்கு முதற்கணக்கில் 10 வெள்ளி. குறைத்த கணக்கில் 8 வெள்ளி. அரிசியும் பருப்பும் வாங்கியது போக எஞ்சுவது எவ்வளவு என்பதை வாசகர் எண்ணிக்கொள்ளலாம். அந்தக் கூலிக்கு ஒரு தையல் மிசின் என்பது பல மாத உழைப்பு. ஆகவே அஃது எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. ஒரு லயத்தில் ஒரு வீட்டில் இருந்தால், மற்ற வீட்டார் துணியோடு அங்கே போயினர்.

அவ்வளவு பணம் வந்த வழி யாது? சிங்கர் நிறுவனத்தின் பங்காளி எட்வர்டு கிளார்க் 1856இல் தவணை முறையை வகுத்தார். சிறு தொகை முன்னதாகக் கொடுத்துப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எஞ்சியதை மாதந்தோறும் கட்டலாம். வீடு வீடாகச் சென்று விற்பவரும், தவணை வசூலிப்பவரும், தையல் சொல்லிக்கொடுப்பவரும் என்று அந்த நிறுவனம் உலகெங்கும் ஆட்களை அமர்த்தியது. தமிழர் வழக்கிலோ ‘கூட்டு’ இருந்தது. பலர் சேர்ந்து மாதம் ஆளுக்கொரு தொகை போடுவர். முறை வந்தவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வர். இந்தத் தமிழ்ச் சொல் பின்னாளில் சட்டத்தின் பெயரிலும் ஏறியது: கூட்டு நிதிகளைத் தடை செய்த மலேசியச் சட்டம் 1971இல் பிறந்தது.

தவணை முறைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. தவணை தவறினால் கட்டிய பணமும் போய்ப் பொருளும் போகும். நாட்டில் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் இயற்றப்பட்டு 1968இல் நடைமுறைக்கு வந்த பிறகே, பொருளைத் திரும்ப எடுக்குமுன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது போன்ற பாதுகாப்புகள் வாங்குவோர்க்குக் கிடைத்தன.

மிசின் வீட்டுக்கு வந்த பின் அதற்கு வேலை குறையவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு விடியலில் தொடங்கும். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிற்பகல் பெண்களுக்குச் சற்று ஓய்வு. அந்நேரமே தையல் நேரம். ரப்பர்ப் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் வெளுத்தாலும் போகாது. ஆதலின், காட்டுக்கு உடுத்துவது ஒட்டுப்போட்ட பழைய சட்டை. கோயிலுக்கும் கலியாணத்துக்கும் உடுத்துவது வேறு. கடையில் வாங்கிய கைலியை மூட்ட வேண்டும். பெண் பிள்ளைக்குப் பாவாடை, பெரியவளுக்கு ரவிக்கை, கைக்குழந்தைக்கு ஏணைத் துணி என்று வேலை வந்துகொண்டே இருக்கும். தீபாவளி நெருங்கினால் சொல்ல வேண்டியதில்லை. வீட்டாருக்கெல்லாம் ஒரே பீஸ் துணியில் சட்டை தைக்க, மண்ணெண்ணெய் விளக்கின் அருகே நள்ளிரவு வரை சக்கரம் சுழலும். சாத்தந்தையார் கண்ட தொழிலாளியின் அவசரம் அங்கேயும் இருந்தது. மின்சாரம் இல்லாத லயத்தில் காலால் மிதிக்கும் பொறிக்கு எந்தக் குறையும் இல்லை.

பிறர்க்குத் தைத்துக் கொடுத்த காசு கிராணியின் கணக்கேட்டில் ஏறாத காசு. பெண்ணுக்கு 10 காசு குறைவு என்ற விதி அங்கே செல்லாது. தைத்த சட்டைக்கே விலை. கணவன் இறந்தோ நோயுற்றோ போன வீடுகளில் அந்தக் காசே அடுப்பை எரியவைத்தது.

இரண்டு வேலைநிறுத்தங்கள்

பழைய சிங்கர் மிசின்கள் பல ஸ்காட்லாந்து நாட்டுக் கிளைடுபேங்க் நகரில், கில்போவி ஆலையில் செய்யப்பட்டவை. 1885இல் திறக்கப்பட்ட அவ்வாலை, 1913இல் ஏறத்தாழ 13 இலட்சம் பொறிகளைச் செய்தது. அங்கே 1911 மார்ச்சு மாதத்தில், மரப்பெட்டிகளுக்கு மெருகு போடும் 12 பெண்கள், வேலையைக் கூட்டிக் கூலியைக் குறைத்த புதிய ஏற்பாட்டை எதிர்த்து வெளியேறினர். அவர்களுக்கு ஆதரவாக ஏறத்தாழ 11,000 பேர் வேலையை நிறுத்தினர். மூன்று வாரங்களில் போராட்டம் முறிந்தது. முன்னின்றவர் பலர் வேலை இழந்தனர்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அப்போராட்டம் கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கும் பரவியது. அவர்கள் கேட்டவை கூலி உயர்வு மட்டுமல்ல. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும். துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்க வேண்டும் என்றும் கேட்டனர். மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

மிதிவண்டிக் கோரிக்கையைச் சிறிதென்று எண்ணற்க. தொழிலாளி தன் காசில் வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி பயன்படுத்தும் உரிமையே அங்கே வழக்கானது. தையல் மிசின் சாலைக்கு வரவில்லை. ஆகவே அதன்மேல் எவரும் விதி இயற்றவில்லை. ஆனால் இரண்டும் ஒரே காலத்தின் பொருள்கள்: நாட்கூலி பெற்றவர் தமக்கெனச் சிலவற்றை உடைமையாக்கிக்கொள்ளத் தொடங்கிய காலத்தின் பொருள்கள். வேலைநிறுத்தம் மூண்ட அந்த 1941ஆம் ஆண்டின் மார்ச்சு மாதத்தில்தான் கிளைடுபேங்க் நகரம் செருமானிய விமானக் குண்டுகளால் எரிந்தது. அடுத்த ஆண்டு சனவரியில் சப்பானியர் கோலாலம்பூரைக் கைப்பற்றினர்.

போர்க்காலத்தில் புதுத் துணி அரிதாயிற்று. கிழிந்ததை ஒட்டுப்போட்டும், கோணிச் சாக்கை வெட்டித் தைத்தும் மக்கள் மானம் காத்தனர். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. ஆள் இல்லாத வீடுகளில் பெண்கள் தனித்து நின்றனர்.

போருக்குப் பின் நிலைமை சற்று மாறியது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. சிங்கர் மிசின்களோடு, அவற்றின் 15ஆம் வகையைப் பின்பற்றிச் சப்பானியர் செய்தவையும், பின்னர்ச் சாங்காய் நகரத்துப் ‘பட்டர்ஃபிளை’ மிசின்களும் வந்தன. மகளுக்குச் சீர் கொடுக்கும்போது பாத்திரம் பண்டத்தோடு தையல் மிசினும் சேர்ந்தது. நகை அடகுக்குப் போகும். மிசின் மாதந்தோறும் காசு கொண்டுவரும். பெற்றோர் இதனை நன்கறிந்திருந்தனர்.

பழைய மிசினை அறிதலும் பேணுதலும்

இத்தகைய மிசின் வீட்டில் இருப்பவர் அதன் வயதைத் தாமே அறியலாம். சிங்கர் மிசினின் அடித்தட்டில், வலப்புறத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணுக்கு முன் எழுத்து இல்லையேல் அது 1900க்கு முற்பட்டது. எழுத்து இருந்தால் அதற்குப் பிற்பட்டது. ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தை முதலாகக் கொண்ட இரட்டை எழுத்துகள் 1930களின் நடுப்பகுதி முதல் கிளைடுபேங்க் ஆலையில் செய்தவற்றுக்கு உரியவை. 15கே, 66கே, 99கே, 201கே என்னும் வகைப் பெயர்களில் வரும் ‘கே’ கில்போவியைக் குறிக்கும். நீல விளிம்புள்ள முத்திரையில் 1851, 1951 என்ற இரண்டு ஆண்டுகளும் இருந்தால், அது நிறுவனத்தின் நூற்றாண்டு நினைவாகச் செய்யப்பட்டது.

பல ஆண்டுகள் மூலையில் கிடந்து சக்கரம் சுழலாத மிசினும் பெரும்பாலும் கெட்டுப்போனதன்று. பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். துளைகளில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சக்கரத்தை மெல்ல அசைத்து, பழைய அழுக்கைத் துடைத்தெடுத்தபின் மிசினுக்குரிய மெல்லிய எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட வேண்டும். தேங்காய் எண்ணெய் கூடாது. அதுவே இறுகிப் பிசினாகும். பாபின் அறையிலும் பல்லின் இடுக்கிலும் சேர்ந்த பஞ்சைத் தூரிகையால் நீக்க வேண்டும். பொன்னிறப் பூவேலை இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெயும் சாராயமும் படலாகாது. பட்டால் பூ அழிந்துவிடும். மேசையைக் கறையான் அண்டாமல் காக்க வேண்டும்.

தோல் வார் மழைக்காலத்தில் தளரும். சிறிது நறுக்கி மீண்டும் கம்பியால் இணைத்தால் சரியாகும். புதிதாக மிதிப்பவர் முதலில் நூல் கோக்காமல் மிதித்துப் பழகுவது நலம். சக்கரம் தைப்பவரை நோக்கிச் சுழல வேண்டும். பின்னோக்கிச் சென்றால் நூல் சிக்கும். மேற்சொன்ன நான்கு வகைகளுக்கும் உரிய ஊசி இன்றும் கடையில் கிடைக்கும் பொது ஊசியே. படகு போன்ற சட்டில் உள்ள இன்னும் பழைய வகைகளுக்கு நீண்ட பாபின் வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை.

பழகியபின் இதில் தைப்பது ஓர் இன்பம். காலின் வேகமே ஊசியின் வேகம். ஒரே ஒரு தையல் வேண்டுமானாலும் போடலாம். வளைவில் நின்று துணியைத் திருப்பலாம். நேர்த்தையல் ஒன்றே போடும் என்றாலும், பருத்தி ரவிக்கைக்கும் பாவாடைக்கும் அதுவே போதும். வார்ப்பிரும்பினாலும் எஃகினாலும் ஆனதால், பேத்தி காலத்திலும் அது தைக்கும்.

மறையுமுன் எழுதுக

கில்போவி ஆலை 1980இல் மூடப்பட்டது. அங்குள்ள இரயில் நிலையம் மட்டும் இன்றும் ‘சிங்கர்’ என்ற பெயரோடு நிற்கிறது. வட சிலாங்கூரிலும் லயங்கள் பல மறைந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்ச் சாலையும் குடியிருப்பும் வந்தன. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டு குரல் கொடுத்தன என்பதைச் செய்தி படிப்போர் அறிவர். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்க்குத் தோட்டம் வீட்டைக் கொடுக்கவில்லை, நிலத்தைக் கொடுக்கவில்லை. புறப்பட்ட நாளில் லாரியில் ஏற்றிக்கொள்ள அவர்களுக்கென்று இருந்த பொருள்களுள் தையல் மிசினும் ஒன்று.

அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின், இடத்தை அடைக்கிறது என்று அதனைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவோர் உளர். இரும்பின் விலை சில வெள்ளி. அதனோடு போவது குடும்பத்தின் வரலாறு. கட்டாயம் விற்க வேண்டிய நிலை வரினும், விற்குமுன் ஒரு தாளில் சில செய்திகளை எழுதிவைத்தல் நன்று: மிசினின் எண், வாங்கியவர் பெயர், வாங்கிய ஆண்டு, அப்போதிருந்த தோட்டம், பணம் திரட்டிய வழி, அதில் தைத்தவர், யார் யாருக்குத் தைத்தார் என்பன. பாட்டி இருக்கும்போதே பேரப்பிள்ளை கேட்டால் ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை இது. தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இதனினும் நல்ல வரலாற்றுப் பயிற்சி கிடைப்பது அரிது.

தோட்டத்து அலுவலகக் கணக்கேடுகள் எத்தனை இராத்தல் பால் வந்தது என்று சொல்லும். அந்தப் பாலை வெட்டிய பெண் மாலையில் என்ன செய்தாள், எதனைத் தன்னுடையது என்று எண்ணினாள் என்பதை அவை சொல்லமாட்டா. அதனைச் சொல்லவல்லவர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது இத்தலைமுறையின் கடமை.